வெப்பப் படமும் வைத்தியர் கண்ணும்

பிள்ளை சோர்ந்து படுத்தால் தாய் முதலில் நெற்றியிற் கை வைத்துப் பார்க்கின்றாள். சித்த வைத்தியர் நோயறியும் எண்வகைத் தேர்விலும் ஸ்பரிசம் என்னும் தொடுகைக்கு இடமுண்டு. உடற்சூடு நோயின் தூதன் என்பதை எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அத் தூதனைத் தொடாமலே படமாக்கும் கருவி இன்று வந்துள்ளது. அதனைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். அதற்குக் காரணமும் உண்டு.

பிறநாடுகளில் வாழும் எம் பழைய மாணவருட் சிலர், மார்புப் புற்றுநோயைக் கண்டறிய இத்தகைய கருவியொன்றை ஊருக்கு வாங்கி அனுப்பலாமே என எம்மை வினவினர். எக்ஸ் கதிர் இல்லை, தொடுதல் இல்லை, அழுத்துதல் இல்லை. ஆதலால் எமது பெண்கள் கூசாமல் வருவர் என்பது அவர் வாதம். அவர்தம் நல்லெண்ணத்தைப் போற்றுகின்றோம். ஆயினும் அன்பு முந்துமிடத்து ஆராய்வு பிந்தலாகாது.

1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர் ஞாயிற்றொளியை அரியத்தாற் பிரித்து, செந்நிறத்துக்கு அப்பால், ஒளி காணாவிடத்து வைத்த வெப்பமானி ஏறுதலைக் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத அக் கதிர்களே செங்கீழ்க் கதிர்கள். எமது உடலும் அவற்றை ஓயாது வீசுகின்றது. கருவி அவற்றை வாங்கித் தோலின் சூட்டு வேறுபாட்டை நிறங்களாகக் காட்டுகின்றது. விரைந்து வளரும் கட்டி மிகுந்த குருதியை ஈர்ப்பதால் அவ்விடத்துத் தோல் சூடேறலாம். மார்புப் புற்றுநோயில் இதனைக் கண்டு 1956 இல் வெளியிட்டவர் மொன்றியல் நகர வைத்தியர் றே லோசன்.

ஆனால் படம் காட்டுவது சூட்டை, நோயையன்று. சீழ்க்கட்டும் தோலைச் சூடேற்றும். ஆழத்திலுள்ள சிறு புற்றுக்கட்டி சூடேற்றாமலும் இருக்கும். 1973 இல் அமெரிக்காவில் தொடங்கிய பெரும் மார்புப் புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்தில் வெப்பப் படமும் சேர்க்கப்பட்டது. பல கட்டிகளைக் காணத் தவறியமையால் அது இடையிலே கைவிடப்பட்டது. வெப்பப் படம் மமோகிராமுக்கு ஈடாகாது என அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் பலமுறை எச்சரித்துள்ளது. பெங்களூரில் 2016 இல் தோன்றிய 'நிராமை' என்னும் நிறுவனம் செயற்கை நுண்ணறிவின் துணையால் இப் படங்களை வாசிக்கின்றது. முயற்சி பாராட்டத்தக்கதே. எனினும் ஐயத்துக்குரியவரை மேற்பரிசோதனைக்கு அனுப்புதலே அத்தகைய படத்தின் பணி. முடிவு கூறுதல் வைத்தியர் பணி.

எம் உறவினரான அம்மையார் ஒருவர் தம் மார்பிற் கண்ட கட்டியை நாணத்தால் ஈராண்டு மறைத்தார். வைத்தியரிடம் சென்றபோது காலம் கடந்துவிட்டது. இடையில் ஒரு வெப்பப் படம் 'குறையொன்றுமில்லை' எனக் காட்டியிருப்பின், அவரது நாணத்துக்கு நற்சான்றும் கிடைத்திருக்கும். பொய் ஆறுதல் மறைத்தலினும் கொடிது.

புத்தூரிலிருந்து தெல்லிப்பழை நெடுந்தொலைவன்று. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியால் அங்கே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகளும் உள. கருவிக்கென ஒதுக்கும் பணத்தை எம் பெண்களை அங்கே அழைத்துச் செல்லும் வண்டிக்கும், கூச்சம் நீக்கும் நல்லுரைகளுக்கும் செலவிடுமாறு பழைய மாணவரை வேண்டுகின்றோம். கருவிதான் வழங்க வேண்டுமாயின், வைத்தியரைக் கேட்டு வைத்தியசாலைக்கே வழங்குக. மாணவரும் இதனைத் தம் அன்னையர்க்கும் தமக்கையர்க்கும் எடுத்துக் கூறுவாராக.

நெற்றியைத் தொட்டறிந்த தாய் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுகின்றாள். நாமும் அவ்வாறே செய்வோமாக.