அறிக்கை வர முதல் பொரிச்சாச்சு

நாங்கள் வழமையா பின்னேரத்தில் வடை தின்னிற கடையில ஒருநாள் கேட்டம். "அண்ணை, உது என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய்தான் தம்பி, வேற என்ன?"

"எங்கத்தை எண்ணெய்?"

அவர் சிரிச்சுப்போட்டு அடுத்த ஆளுக்கு வடை சுத்தப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது. அவருக்கு எண்ணெய் வருவது பெயரும் திகதியும் நாடும் இல்லாத ஒரு பிளாஸ்ரிக் கானில். அவருக்கே தெரியாததை எங்களுக்கு எப்படிச் சொல்லுவார்?

2021 மார்ச் மாதம் ஞாபகம் இருக்கிறதா? சித்திரை வருசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள். வீடுகளில் பயத்தம் பணியாரத்துக்கும் முறுக்குக்கும் எண்ணெய் வாங்கிற நேரம். அந்த நேரம் பார்த்துத்தான், இறக்குமதி செய்யப்பட்ட தேங்காயெண்ணெயில் அஃப்ளடொக்சின் இருக்கிறது என்ற செய்தி வந்தது. அஃப்ளடொக்சின் என்பது ஒரு வகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு. சரியாகக் காயாத கொப்பறாவில், நிலக்கடலையில், மிளகாயில் அந்தப் பூஞ்சணம் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாவது பிரிவில் வைத்திருக்கிறது. பழுதாகிறது முக்கியமாக ஈரல். பொரிச்சால் போய்விடும் எண்டு நினைக்க வேண்டாம். சமையல் சூட்டுக்கு அது இலேசில் அழியாது.

எங்களை யோசிக்க வைத்தது நஞ்சு இருந்தது என்பதைவிட, எண்ணெய் நகர்ந்த விதம். மாதிரி பரிசோதனைக்குப் போனது. ஆனால் எண்ணெய் துறைமுகத்தில் காத்திருக்கவில்லை. அறிக்கை வரும்வரை விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு இறக்குமதியாளர்களின் களஞ்சியங்களுக்குப் போய்விட்டது. பிறகு கட்டளைகள் நிறுவனத்தின் பரிசோதனையில் பிழை என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் திருப்பி அனுப்பும் கதை, சந்தைக்குப் போயிருக்குமா இல்லையா என்ற சண்டை, தங்கொட்டுவையில் இரண்டு பவுசர்கள் பிடிபட்ட செய்தி. "ஒரு துளியும் வெளியில போகேல்ல" எண்டு ஒரு பக்கம், "போயிட்டுது" எண்டு இன்னொரு பக்கம். வீட்டில நிண்டு முறுக்குப் பிழியிற அம்மா எதை நம்பிறது?

எந்தக் கொம்பனி, எந்தத் தொகுதி இலக்கம், எந்தப் பெயரில் கடைக்கு வரும் என்பதுதான் அன்றைக்குத் தேவைப்பட்ட தகவல். வாங்கினவர் வீட்டுப் போத்தலைத் திருப்பிப் பார்த்து முடிவெடுக்கக்கூடிய மாதிரி அது தமிழில் எங்கள் கைக்கு வரவில்லை. வந்ததெல்லாம் வட்சப்பில் சுத்தின குரல் பதிவுகள். வந்திருந்தாலும் சில்லறையா ஒரு போத்தல் அளந்து வாங்கிற சனத்துக்கு என்ன பிரயோசனம்? அந்தப் போத்தலில ஏது தொகுதி இலக்கம்? காசு உள்ளவை லேபிள் பார்த்து வாங்குவினம். அளந்து வாங்கிறவைக்கு எந்த எச்சரிக்கையும் போய்ச் சேராது. இறக்குமதிக் கட்டுப்பாடு பற்றிக் கதைக்கிறபோது இந்தக் கடைசி ஐந்து அடித் தூரத்தை, அதாவது பீப்பாயிலிருந்து போத்தலுக்குப் போகும் தூரத்தை, ஒருவரும் கணக்கெடுப்பதில்லை.

பால்மாக் கதை இதுக்கு மறுவளம். எங்கட ஊரில எந்தப் பைக்கற் எண்டாலும் "ஒரு அங்கர் தாங்கோ" எண்டுதான் கேப்பம். 2013 தொடக்கத்தில் நியூசிலாந்துப் பாலில் டிசிடி என்ற இரசாயனத்தின் தடயம் இருப்பதாக அந்த நாடே அறிவித்தது. புல்வெளியிலிருந்து நைத்திரேற்று ஆறுகளுக்குக் கழுவுப்படாமல் இருக்க அங்கு அப்போது போட்ட சாமான் அது. பாலில் இவ்வளவு இருக்கலாம் என்று அப்போது சர்வதேச வரம்பு ஒன்றும் இல்லை. வரம்பு இல்லாததால் கொம்பனி "ஆபத்தில்லை" என்றது, இங்கே "இருக்கவே கூடாது" என்றார்கள். ஓகஸ்டில் அதே ஃபொன்டெரா நிறுவனத்தின் மோர்ப் புரதத்தில் பொட்டுலிசம் கிருமி என்ற சந்தேகம் உலகம் முழுக்கப் பரவியது. இங்கே விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் நீதிமன்றத் தடை வந்தது, நிறுவனம் சில நாட்கள் இழுத்து மூடியது. மாதக் கடைசியில் மறுபரிசோதனை முடிவு வந்தது. அது பொட்டுலிசம் கிருமியே இல்லை. பேந்து 2019இல் பால்மாவில் பன்றிக் கொழுப்பு என்று பாராளுமன்றத்திலேயே சொன்னார்கள். திரும்பவும் ஒரு கிழமை பரபரப்பு.

எண்ணெயில் அறிக்கை பிந்தியது, பால்மாவில் அறிக்கைக்கு முதல் சத்தம் வந்தது. இரண்டிலும் பரிசோதனை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கவில்லை. உலக வர்த்தக நிறுவனத்தின் 1995ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, ஒரு நாடு உணவுப் பொருளை மறிக்க வேண்டுமென்றால் விஞ்ஞானக் காரணம் காட்ட வேண்டும். பெரிய நாடென்றால் அதட்டியும் மறிக்கலாம். எங்களைப் போன்ற சின்னத் தீவுக்கு ஆய்வுகூட அறிக்கையை விட்டால் வேறு ஆயுதம் இல்லை. அந்த அறிக்கையை ஒருவரும் நம்பாத நிலைக்குக் கொண்டுவந்தது அரசியல்வாதிகள்தான்.

இந்த இடத்தில் எங்கட நண்பர்கள் சிலர் "அதுதான் சொல்லுறம், இறக்குமதியை நிப்பாட்டுங்கோ, எங்கட சாமான் சுத்தம்" எண்டு துவங்குவினம். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி மறிக்கப்பட்ட காலத்தைத் தாத்தாமார் இன்னும் பொற்காலம் மாதிரிக் கதைக்கிறதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், அந்த ஆசை விளங்குது. 2021 ஏப்ரலில் அரசாங்கமும் பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடைசெய்தது. ஆனால் பூஞ்சணத்துக்கு ஊர்ப்பற்று இல்லை. மாரியில் ஈரச் சாக்கில் கிடக்கிற எங்கட செத்தல் மிளகாயிலும் அது பிடிக்கும். அதை இடிச்சுத் தூளாக்கிக் கனடாவுக்குப் பொதி கட்டி அனுப்புவதும் நாங்கள்தான். அங்கே ஆராவது மறிச்சால் எங்களுக்குக் கோபம் வரும்!

கொள்கலனை மறிச்சு வைத்தால் தாமதக் கட்டணம் ஏறும், அது விலையில் எங்கட தலையில்தான் விழும் என்பதும் உண்மை. அதற்கு வழி பரிசோதனையை விரைவாக்குவது, சாமானை முதலே விடுவது இல்லை. எண்ணெய் ஒன்றும் மீன் இல்லை, நாலு நாளில் நாறிப்போக. மறிச்சு வைக்கட்டும். அறிக்கை வந்த அன்றைக்கே கொம்பனிப் பெயரோடும் தொகுதி இலக்கத்தோடும் தமிழிலும் போடட்டும். உணவுச் சட்டம் 1980ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சில்லறைக் கடைக்குப் போகும் ஒவ்வொரு கானிலும் அது எந்தத் தொகுதி என்று எழுதி ஒட்டச் சொல்ல எவ்வளவு காலம் வேணும்?

போன கிழமை திரும்ப அந்த வடைக் கடைக்குப் போனம். அண்ணை எங்களைக் கண்டவுடன் கானைத் தூக்கிக் காட்டினார். "இந்தா பாருங்கோ, நீங்கள் கேட்டதெண்டு தேடிப் பாத்தன்." ஒரு மூலையில் லேபிள் ஒட்டியிருந்த பசை மட்டும் மஞ்சளாக் கிடந்தது. ஆளுக்கு ரெண்டு வடை வாங்கிக்கொண்டு வந்தம்.