ஓரவஞ்சனை வேண்டா!

இயற்கை நமக்கு இரு செவிகளைத் தந்தது அழகுக்காக மட்டுமன்று. ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதை, அது இரு செவிகளையும் அடையும் கால வேறுபாட்டாலும் வலிமை வேறுபாட்டாலும் மூளை உணர்கிறது. இவ்வுண்மையைக் கொண்டே ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கோரினார்.

இன்று நம் மடிக்கணினியிலும் இடம், வலம் என இரு ஒலிபெருக்கிகள் உள்ளன. ஆனால், சிலவற்றில் ஒன்று உரக்கப் பேசுகிறது, மற்றொன்று முணுமுணுக்கிறது. "கேட்கிறதே, போதாதா?" என்கிறார் விடுதி நண்பர். போதாது என்பேன் நான். வினா இடப்புறமும் விடை வலப்புறமுமாகப் பதிவான உரையாடலில் விடையை இழந்தவன் எதைக் கற்பான்?

பழுதைக் கண்டறிவது அரிதன்று. ஹெட்போனில் கேளுங்கள். அதில் சரியாக இருந்தால், ஒலிபெருக்கித் துளைகளைத் தூசியோ போர்வையோ அடைத்திருக்கலாம். உள்ளே கம்பி தளர்ந்திருக்கலாம். அதிலும் ஒருபுறம் தாழ்ந்தால், ஹெட்போனைக் காது மாற்றி மாட்டுங்கள். குறையும் இடம் மாறினால், கணினியில் இட வல அளவுகள் சமமா என்று பாருங்கள். அதே காதில் குறைந்தால், நாட வேண்டியது மருத்துவரை!

ஒரு செவி மட்டுமே கேட்கும் தோழரும் நம் வகுப்பில் இருக்கக்கூடும். அவர் பொருட்டேனும், பாடங்களைப் பதிவு செய்யும் பேராசிரியப் பெருமக்கள், இருபுறமும் ஒரே ஒலி வரும் மோனோ முறையைக் கையாள வேண்டுமென்பது என் பணிவான கருத்து. இசைக்கு இட வல வேறுபாடு அழகு. பாடத்துக்குச் சமநிலையே அழகு.