கடல் பார்க்க எப்போது கிளம்பலாம்?

முழுப் பரீட்சை முடிந்ததோ இல்லையோ, "மெட்ராஸ் போலாம், கடல் பார்க்கலாம்" என்று குழந்தைகள் முந்தானையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நாமும் லீவு இருக்கிறதே என்று மே மாதத்துக்கு நாள் குறித்துவிடுகிறோம்.

எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் அடுத்த வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் குறித்திருந்தாள். தறி ஓட்டும் குடும்பம். மூத்தவன் மூன்றாம் வகுப்பு, சின்னதுக்கு எட்டு மாதம். எழுபது வயதாகும் மாமியார் கடலையே பார்த்ததில்லை. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம், இன்னொரு தடவை போவது எப்போதோ!

"மே கடைசியில போலாம்னு இருக்கோங்க்கா. அதுக்குள்ள கோடை மழை விழுந்து வெயில் தணிஞ்சிருமில்லீங்க?" என்றாள்.

வேண்டவே வேண்டாம் என்றேன். தணிவது நம் ஊரில்தான், அங்கே இல்லை. சேலத்தில் ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் வெயில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் ஏற்காடு மலைப் பக்கம் இடி முழங்கி, சாயந்திரம் நாலு தூறல் விழுந்து ஆறுதல் தரும். சென்னைக்கோ மே கடைசியும் ஜூன் தொடக்கமும்தான் பொல்லாத நாட்கள். 2003-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் அடித்தது மே 31-ந் தேதி. அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு!

கடல் காற்று வருமே என்பீர்கள். வரும், ஆனால் வருகிற நேரத்தைப் பொறுத்தது. காலையில் தரை சீக்கிரம் சூடாகிவிடும், கடல் நீர் மெதுவாகத்தான் சூடாகும். தரையின் மேல் உள்ள சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். நண்பகலில் வந்துவிட்டால் வெயில் அத்துடன் அடங்கிவிடும். மே கடைசியில் மேற்கேயிருந்து வீசும் அனல் காற்று அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. மூன்று மணி வரை கடல் காற்று வராத நாளில் 40 டிகிரியைத் தாண்டிவிடும்.

அதோடு புழுக்கம் வேறு. பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள். நம் ஊர்க் கோடையில் சாயந்திரம் வரை மொறுமொறுவென்று இருக்கும், அங்கே சீக்கிரமே நமத்துவிடும். காற்றில் அவ்வளவு ஈரம். அதனால் உடம்பில் வேர்வை காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? கைக்குழந்தைக்குக் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வேர்க்குரு வந்து ராத்திரி முழுக்கச் சிணுங்கும். வயதானவர்களுக்குத் தலைசுற்றல். போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன் சாப்பிடும் ஆசையோடு போனாலும் விலை கையைச் சுடும்.

மழைக் கணக்கும் இதே மாதிரிதான். நமக்கு செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை, நவம்பரில் குறைந்துவிடும். சென்னையில் நவம்பர்தான் அடைமழை மாதம். டிசம்பர் முதல் பாதியையும் நம்ப முடியாது. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று எத்தனை பார்த்துவிட்டோம்! அரைப் பரீட்சை லீவில்தான் போக முடியும் என்றால் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பொங்கல் கழிந்ததிலிருந்து பிப்ரவரி முடிய, இதுதான் என் தீர்ப்பு. காணும் பொங்கலன்று மட்டும் மெரினா பக்கம் போகவேண்டாம். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குக்கூட மணலில் உட்காரலாம். வேடந்தாங்கலில் பறவைகள் இருக்கும். ஆமைகள் கரையேறி முட்டையிடுவதும் ஜனவரி முதல் மார்ச் வரைதான். வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை.

"ஸ்கூலு போயிருமேக்கா?" என்றாள். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வெள்ளி, திங்கள் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் நானே கூடாது என்பேன். குடியரசு தினம் சனி, ஞாயிறை ஒட்டி வருகிற வருஷத்தில் அந்தக் கவலையும் இல்லை. ரயில் டிக்கெட் மட்டும் 60 நாள் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் அவகாசம் இருந்தது, இப்போது அது கிடையாது.

எந்த மாதமானாலும் மெரினாவில் கால் நனைப்பதோடு சரி. அங்கே குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை. அலை திரும்பும்போது காலடி மணலையே இழுத்துக்கொண்டு போகும். பிள்ளையின் கையை அல்ல, மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரக் கை வழுக்கும்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீர் வேண்டாம். அடிக்கடி கொடுத்தால் சரி. அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர், பையில் இரண்டு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம். பிப்ரவரியில் நம் மலையடிவாரத்தில் ராத்திரி குளிரும். ரயில் ஏறும்போது சின்னதுக்குக் காதை மூடிக் குல்லா போடுங்கள், சென்னையில் இறங்கியதும் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டை போட்டுவிடலாம்.