விதைநெல்லை விற்ற விளையாட்டு

2024 மே 18 அன்று ரியாத்தில் டைசன் ஃபியூரியை வென்ற உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக், ஹெவிவெயிட் பிரிவின் நான்கு முக்கியப் பட்டங்களையும் தன்வசமாக்கினார். 1999இல் லெனாக்ஸ் லூயிஸ், இவாண்டர் ஹோலிஃபீல்டை வென்று ஒரே சாம்பியனாக நின்றதற்குப் பிறகு கால் நூற்றாண்டாக யாருக்கும் வாய்க்காத பெருமை அது. ஆனாலும் குத்துச்சண்டையின் பெரிய சந்தையான அமெரிக்காவில், அந்த விளையாட்டைத் தேடிப் பார்ப்பவர்களைத் தாண்டி உசிக்கின் பெயர் பரவவில்லை. ஒரு காலத்தில் அதே இடத்தில் இருந்த முகமது அலியை உலகமே அறிந்திருந்தது. 1980இல் அவர் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டபோது, அவர் யாரென்று இங்கே எவருக்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கவில்லை. ஆக, தொழில்முறைக் குத்துச்சண்டை பொதுமக்களின் பேச்சிலிருந்து விலகிவிட்டது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஏன் விலகியது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கத்தில்தான் மறுப்பு. மக்கள் மாறிவிட்டார்கள், இரத்தம் பார்க்க அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை, புதிதாக வந்த கலப்புத் தற்காப்புச் சண்டை அவர்களை இழுத்துக்கொண்டது, அலி போன்ற நாயகர்களும் இல்லை என்று அந்த விளக்கம் போகிறது. மக்கள்தான் கைவிட்டார்கள் என்பது அதன் சாரம். நடந்தது நேர்மாறானது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். குத்துச்சண்டைதான் காசுக்காக அவர்கள் வீட்டைவிட்டு வெளியேறியது.

வன்முறை பற்றிய வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்குத்தான் சான்றுகள் இருப்பதுபோலத் தோன்றும். 1962 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எமில் கிரிஃபித்தின் குத்துகளைக் கயிற்றில் சாய்ந்தபடி வாங்கிய பென்னி பாரெட், நினைவு திரும்பாமல் பத்து நாளில் இறந்தார். அதை நாடே தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தது. அடுத்த ஆண்டு டேவி மூர் இறந்தார். 1964இல் வாராந்தரக் குத்துச்சண்டை ஒளிபரப்பு நின்றது. இதை வைத்து, அன்றே மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்கிறார்கள். அப்படியானால் 1971 மார்ச் 8 அன்று அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியபோது ஆளுக்கு 25 லட்சம் டாலர் ஊதியமாகத் தரும் அளவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் மடிந்தார். அதுவும் சிபிஎஸ் அலைவரிசையில் நேரலையாக வந்த சண்டை. அந்த மரணத்துக்குப் பிறகு உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 சுற்றாகக் குறைக்கப்பட்டன. ஆனால் நான்கே ஆண்டுகள் கழித்து, 1986இல், இருபது வயதுகூட முழுதாக நிரம்பாத மைக் டைசனின் சண்டைகளை ஏபிசி அலைவரிசை ஒளிபரப்பியது. தேசம் அவர்மீது பித்துக்கொண்டது. டைசனைவிடக் கொடூரமாக அடித்தவர் என்று எவரையும் காட்ட முடியாது. மூளைக் காயங்களைப் பற்றி இன்று அமெரிக்கக் கால்பந்தைச் சுற்றி எழாத கேள்வி இல்லை. அந்த ஆட்டத்தின் பார்வையாளர் கூட்டமோ கரையவில்லை. பாரெட்டும் கிம்மும் இறந்தது யாரும் மறக்கக் கூடாத கொடுமை. வீரர்களின் மூளை சிதைவதைக் காட்டி இந்த விளையாட்டையே தடை செய்ய வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால், அது மதித்துக் கேட்க வேண்டிய வாதம். ஆனால் அந்த அறச்சீற்றத்தை, கூட்டம் குறைந்ததற்கான காரணமாக வரலாற்றில் எழுதிவைக்க முடியாது.

அதோடு, மக்கள் மென்மையாகிவிட்டார்கள் என்று சொல்கிற அதே வாய்தான், அவர்கள் கலப்புத் தற்காப்புச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சிக்குப் போய்விட்டார்கள் என்றும் சொல்கிறது. விழுந்தவன்மீது ஏறி முழங்கையால் இடிப்பதை அனுமதிக்கும் ஒரு போட்டிக்கு, வன்முறை பிடிக்காதவர்கள் ஏன் போக வேண்டும்? இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. காலவரிசையும் ஒத்துவரவில்லை. யுஎஃப்சி தொடங்கியது 1993இல். செனட்டர் ஜான் மெக்கெய்னின் எதிர்ப்பால் பல மாநிலங்களில் தடையைச் சந்தித்து, கேபிள் நிறுவனங்களாலும் ஒதுக்கப்பட்டு, தொண்ணூறுகளின் பிற்பகுதியை அது மூச்சைப் பிடித்துக்கொண்டு கடத்தியது. பெருங்கூட்டம் அதன் பக்கம் வந்தது 2005இல், ஸ்பைக் என்ற சாதாரணக் கேபிள் அலைவரிசையில் வந்த ஒரு போட்டித் தொடருக்குப் பின்புதான். அதற்கு வெகு முன்பே குத்துச்சண்டையின் பெரும் பெயர்கள் பொது அலைவரிசைகளிலிருந்து மறைந்துவிட்டன. பூட்டிக் கிடந்த கடைக்கு எதிரே இன்னொருவர் கடை திறந்து வியாபாரம் செய்தால், பழைய கடை பூட்டப்பட்டதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

உண்மையில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாற்பதுகளின் நடுவிலிருந்து 1960 வரை, கில்லெட் சவரக்கத்தி நிறுவனத்தின் விளம்பர ஆதரவில், வெள்ளிக்கிழமை இரவுகளில் என்பிசி அலைவரிசையில் குத்துச்சண்டை வந்தது. அப்பனும் பிள்ளையும் சேர்ந்து பார்த்தார்கள். யார் இடக்கையர், யாருக்குத் தாடை பலவீனம் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சானது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்கா ஐந்து தங்கம் வென்றது. அவர்களில் ஒருவரான சுகர் ரே லியோனார்டின் முகம் அப்போதே வீடுதோறும் தெரிந்திருந்தது. 1977 பிப்ரவரியில் பால்டிமோரில் அவருடைய முதல் தொழில்முறைச் சண்டையையே சிபிஎஸ் ஒளிபரப்பியது. அறிமுக ஆட்டத்திலிருந்தே அவர் வளர்வதைச் சனம் பார்த்தது. பிற்பாடு ஹாக்லர், ஹெர்ன்ஸ், டுரான் ஆகியோருடன் அவர் மோதிய சண்டைகளுக்குக் கோடிகள் கொட்டின என்றால், அந்த ஆர்வத்துக்கான விதை அங்கே போடப்பட்டது. இதற்கிடையில் சந்தா கட்டிப் பார்க்கும் எச்பிஓ 1973 முதலே பெரிய சண்டைகளை வாங்கத் தொடங்கியிருந்தது. 1986இல் ஏபிசியில் மலர்ந்த டைசன், அதே ஆண்டு நவம்பரில் ட்ரெவர் பெர்பிக்கை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றது எச்பிஓவில். 1991 ஏப்ரலில் ஹோலிஃபீல்டும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதியதைப் பார்க்கச் சந்தாவும் போதவில்லை; அந்த ஒரு சண்டைக்கென்றே தனிக் கட்டணம் கட்ட வேண்டும். சுமார் 14 லட்சம் வீடுகள் கட்டின. இனி இப்படித்தான் என்று அன்றே முடிவாகிவிட்டது.

இந்தக் கணக்கில் யாரும் முட்டாள் இல்லை என்பதுதான் இதன் துயரம். ஒரு கால்பந்து அணியின் உரிமையாளருக்கு முப்பது ஆண்டு கழித்தும் அந்த அணி விலைபோக வேண்டும் என்ற கவலை உண்டு. அதனால் அடுத்த தலைமுறைச் சிறுவன் தன் ஆட்டத்தைப் பார்க்கிறானா என்று அவர் கணக்குப் பார்ப்பார். குத்துச்சண்டையில் அப்படி ஒட்டுமொத்த விளையாட்டுக்கும் உரிமையாளர் எவருமில்லை. லீக் இல்லை, பருவ அட்டவணை இல்லை. புரமோட்டரின் கையிலிருப்பது சில வீரர்களின் சில ஆண்டு ஒப்பந்தம். வீரருக்கோ உடம்பு தாங்குவது பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். ஒரே ஒரு தோல்வி அவர் விலையைப் பாதியாக்கிவிடும். தனிக் கட்டணத்தில் பத்து மடங்கு கிடைக்கும்போது அதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? உயிரைப் பணயம் வைப்பவர் அந்தப் பணத்தை வாங்கியதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆளாளுக்குத் தன் பங்கு நெல்லை நல்ல விலைக்கு விற்றார்கள்; விதைநெல் என்று எடுத்துவைக்க அந்தக் களத்துமேட்டில் ஒருவரும் இல்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். அலி–ஃபிரேசியர் சண்டையும் இலவசமாக வரவில்லையே, திரையரங்குகளில் டிக்கெட் வாங்கித்தானே பார்த்தார்கள் என்பார்கள். உண்மை. ஆனால் அந்த அலி, மற்ற நாட்களில் எங்கே இருந்தார் என்று பாருங்கள். 1976இல் ஜிம்மி யங்குடன் மோதியது ஏபிசியில். 1977இல் எர்னி ஷேவர்ஸுடன் என்பிசியில். 1978 பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்தது சிபிஎஸ்ஸில். மூன்று பொது அலைவரிசைகளிலும், காசில்லாமல், உலகச் சாம்பியனாக அவர் வந்தார். இலவசத்தில் வளர்ந்த ஆர்வத்தைத் திரையரங்குகள் அறுவடை செய்தன. தொண்ணூறுகளுக்குப் பின் அறுவடை மட்டும் மிஞ்சியது.

இதைவிட ஆழமான இன்னொரு மறுப்பும் உண்டு. அதை நேர்மையாக எதிர்கொள்ளாமல் என் வாதம் நிற்காது. இலவசத் தொலைக்காட்சியே ஐம்பதுகளில் குத்துச்சண்டைக்குக் குழி பறித்தது என்பது அது. வீட்டிலேயே சண்டை பார்க்கக் கிடைத்ததும் ஊருக்கு ஊர் இருந்த சிறு அரங்குகள் காற்று வாங்கின. புது வீரர்கள் பழகும் களம் போயிற்று. இதை அன்றைக்கே விவரம் தெரிந்தவர்கள் எழுதினார்கள், அது சரியும்கூட. ஆனால் அதனால் என் வாதம் வலுக்கிறதே தவிர, உடையவில்லை. அரங்கில் இருந்த கூட்டத்தைத் தொலைக்காட்சி வீட்டுக் கூடத்துக்கு அழைத்து வந்தது. அரங்குகள் மூடப்பட்டன. நாற்பது ஆண்டு கழித்து வீட்டுக் கூடத்தின் கதவும் சாத்தப்பட்டபோது, அந்தக் கூட்டம் திரும்பிப் போவதற்குப் பழைய அரங்குகள் எங்கே இருந்தன?

பட்டங்கள் பெருகிக் குழப்பமாகிவிட்டது என்ற குறையை நான் தள்ளவில்லை. நான்கு அமைப்புகள், பதினேழு எடைப்பிரிவுகள் என்று பெருகியது அவமானம்தான். ஆனால் லியோனார்டும் ஹாக்லரும் 1987இல் மோதியபோதே மூன்று அமைப்புகள் இருந்தன. மக்கள் பெல்ட்டைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்கள். அமெரிக்காவில் நல்ல ஹெவிவெயிட் வீரர் இல்லை என்ற குறைக்கு ஜெர்மனியே பதில். கிளிச்கோ சகோதரர்கள் உக்ரைன்காரர்கள். ஆனால் அவர்கள் சண்டைகள் ஆர்டிஎல் என்ற கட்டணமில்லா அலைவரிசையில் வந்தன. 2011 ஜூலையில் விளாடிமிர் கிளிச்கோ டேவிட் ஹேயுடன் மோதியதை அந்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். மெக்சிகோவிலோ பல ஆண்டுகளாக கனேலோ அல்வாரெஸின் சண்டைகள் பொதுத் தொலைக்காட்சியில் வந்தன. அவர் அங்கே வீட்டுப் பிள்ளை. எல்லைக்கு வடக்கே அதே இரவு, அதே சண்டைக்கு எண்பது டாலர் கேட்டார்கள். பிரிட்டனில் 1993இல் பென்–யூபேங்க் மறுமோதலை ஐடிவியில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். 1996இல் புரூனோ–டைசன் சண்டையோடு அங்கும் தனிக் கட்டணம் வந்தது. பின் 2017இல் ஆந்தனி ஜோஷுவாவுக்காக வெம்ப்ளியில் 90,000 பேர் எப்படிக் கூடினார்கள் என்று கேட்கலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றதை பிபிசி நாடு முழுதும் காட்டியது என்பதை அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2015 மே மாதம் மேவெதரும் பாக்கியாவும் மோதியதை, கட்டண முறையின் உச்ச வெற்றி என்பார்கள். 46 லட்சம் வீடுகள், ஏறக்குறைய நூறு டாலர் வீதம் கட்டின. ஆனால் அமெரிக்காவில் தொலைக்காட்சி உள்ள வீடுகளில் அது நூற்றுக்கு நான்குதான். நண்பர்கள் கூடிப் பார்த்தார்கள் என்று மும்மடங்காக்கினாலும், நாட்டின் பெரும்பகுதி வாசலுக்கு வெளியேதான் நின்றது. 2009 முதல் பேசிப் பேசி இழுத்தடித்த சண்டை அது. இருவரும் உச்சத்தைக் கடந்த பிறகே நடந்தது. அதே ஆண்டு குத்துச்சண்டை மேலாளர் ஆல் ஹேமன் என்பிசி உள்ளிட்ட பொது அலைவரிசைகளுக்குக் குத்துச்சண்டையைத் திரும்பக் கொண்டுவந்தாரே, முதல் இரவில் சுமார் 34 லட்சம் பேர்தானே பார்த்தார்கள், இலவசம் ஏன் காப்பாற்றவில்லை என்பது நியாயமான கேள்வி. அலைவரிசை நேரத்தை அவர் காசு கொடுத்து வாங்கினார். முதலீட்டாளர் பணம் தீரும்வரைதான் அது ஓடும். அங்கே அறிமுகமானவர் பெயர் பெற்றதும் மறுபடி கட்டணத்துக்குள் போனார். கால் நூற்றாண்டு தரிசாகக் கிடந்த நிலம் ஒரு மழைக்கு விளைந்துவிடாது.

பூட்டைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதிய சான்றுகள் வந்துவிட்டன. 2018இல் எச்பிஓவும், 2023இல் இன்னொரு சந்தா அலைவரிசையான ஷோடைமும் குத்துச்சண்டையை முற்றாகக் கைவிட்டன. அதன்பின் 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ், 58 வயது டைசன் மோதியதைத் தனிக் கட்டணமின்றிக் காட்டியது. பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. அது நல்ல சண்டை இல்லை. 58 வயதுக்காரரை ஏற்றியதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இனி யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்ற பேச்சுக்கு அதோடு இடமில்லாமல் போனது. 2025இல் யுஎஃப்சியும் பாரமவுண்ட்டுடன் ஏழாண்டுக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, அமெரிக்காவில் தனிக் கட்டண முறையை விட்டொழித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று லாஸ் வேகாஸ் மைதானத்தில் எழுபதாயிரம் பேர் முன்னிலையில் கனேலோவை டெரன்ஸ் கிராஃபோர்டு வென்றார். நெட்ஃபிளிக்ஸில் நான்கு கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. மூன்று எடைப்பிரிவுகளில் நான்கு பட்டங்களையும் ஒன்றுசேர்த்த முதல் ஆண் வீரர் அவர், ஒரு தோல்விகூட இல்லாதவர். அந்த இரவில் அவருக்கு வயது 37. தொழில்முறைக்கு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.