இறந்தவர் வீட்டில் வசூல்

அமெரிக்காவில் ஏழைகளின் மருத்துவத்துக்காக 1965இல் ‘மெடிக்கேய்டு’ திட்டம் வந்தது. முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் செலவையும் அது ஏற்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, 55 வயதுக்கு மேல் பெற்ற நீண்டகாலப் பராமரிப்புச் செலவை, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து மாநில அரசுகள் வசூலித்தே தீரவேண்டும். ஏழைக்குச் சொத்து ஏது? குடியிருந்த வீடுதான்!

கணவனோ மனைவியோ உயிரோடிருக்கும்வரை வசூல் இல்லை. சிறுபிள்ளைகளுக்கும் ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் விலக்குண்டு. மற்றப் பிள்ளைகள் பெரும்பாலும் கஷ்டத்தைச் சொல்லி மனுப் போடவேண்டியதுதான்.

வாங்கிய உதவியைத் திருப்பித் தந்தாலென்ன என்பார் சிலர். முதியோருக்கான ‘மெடிகேர்’ இருதய அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டுகிறது. இறந்தபின் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நினைவிழந்து ஆண்டுக்கணக்கில் கிடந்த ஏழைக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு?

நாம் கிராணிகள், வரவு செலவு பாராமல் பேச வராது. 2019ஆம் நிதியாண்டில் எல்லா மாநிலங்களுமாக வசூலித்தது சுமார் 73 கோடி டாலர். நீண்டகாலப் பராமரிப்புக்கு அத்திட்டம் செலவிட்டதில் இது 1 சதவீதங்கூட இல்லை. வசதியுள்ளவர் வழக்கறிஞரைப் பிடித்து முன்னதாகவே வீட்டை மாற்றி எழுதிவிடுகிறார். விவரமறியாத உழைப்பாளியின் வீடுதான் அகப்படுகிறது.

வேலை நின்றதும் லயத்து வீட்டைக் காலி செய்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். சொந்தக் கூரையின் அருமையை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம்.

கட்டாயத்தை நீக்கி, வசூலை மாநிலங்களின் விருப்பத்துக்கு விடலாமென 2021இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் ஆணையமே பரிந்துரைத்தது. நமக்கு அது போதாது. இந்த வசூலையே அடியோடு ஒழிக்கவேண்டும் என்கிறோம்.