குனிந்து காணும் கல்வி

2022-ஆம் ஆண்டு, இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறை மலை நீலம் போர்த்து நின்றது. பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியைக் காண மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். நன்று, காண வேண்டிய காட்சிதான். ஆனால், மேற்கு மலைத்தொடரின் ஈரக் காடுகளில் மழைக்காலந்தோறும் தோன்றும் வேறோர் அழகைக் காணச் சென்றவர் எத்தனை பேர்?

உதிர்ந்து மட்கும் சுள்ளிகளிலே சட்டைப் பொத்தான் அளவிலும் அதனினும் சிறிதாகவும் முளைப்பவை கிண்ணக் காளான்கள். செந்நிறம், இளஞ்சிவப்பு, மஞ்சள் எனப் பல வண்ணம். கிண்ணத்தின் உட்புறம் எண்ணற்ற நுண்குழல்கள். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் எட்டு விதைத்துகள்கள். முற்றிய கிண்ணத்தின் மீது மெல்ல ஊதினால் அவை புகைபோல் எழும். பட்ட மரத்தை மண்ணாக்கிக் காட்டை வாழ வைப்போரில் இவையும் உண்டு.

கிண்ணக் காளான் என்றதும் மேனாட்டு ஓக், பைன் காடுகளே பலர்க்கு நினைவில் எழுகின்றன. சாந்தன்பாறையில் இயற்கையான ஓக் காடும் இல்லை, பைன் காடும் இல்லை. சோலைகளும் ஏலத்துக்கு நிழல் தரும் மரங்களுமே அங்குள்ளவை. எனவே, அயலார் நூலை மட்டும் நம்பி நம் காட்டை அறிந்துவிட இயலாது.

"இச்சிறு பொருளை அறிந்து ஆவதென்ன?" என்பர் சிலர். ஐரோப்பாவைக் கேளுங்கள்! 1992-இல் போலந்து நாட்டில் ஆஷ் மரங்கள் பட்டுப்போவது கண்டறியப்பட்டது. 2012-இல் அந்நோய் பிரிட்டனிலும் காணப்பட்டது. காரணம், உதிர்ந்த இலைக்காம்பில் முளைக்கும் ஒரு சிறு வெள்ளைக் கிண்ணம்! கிழக்காசியாவிலிருந்து வந்த அது, தீங்கற்ற உள்நாட்டுக் கிண்ணத்தின் உருவையே கொண்டிருந்தது. இரண்டும் வெவ்வேறு என மரபணு ஆய்வு காட்டுவதற்குள் நோய் நாடு பல கடந்துவிட்டது. தன் வீட்டாரை நன்கறிந்தவனே அயலானை அடையாளம் காண்பான். நம் காட்டுக்கும் இதுவே நெறி.

நம் காடுகளில் வளரும் கிண்ணக் காளான்களுள் ஓரினம் 'குக்கைனா'. குக் என்னும் ஆங்கிலேய அறிஞரின் பெயரால் அமைந்தது அது. அறிவியற்பெயர் அவ்வாறே இருக்கட்டும். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிய கபிலரின் வழிவந்த நாம், வழங்குதற்கு ஒரு தமிழ்ப்பெயர் தரலாகாதா?

மாணவ நண்பர்களே! வரும் மழைக்காலத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு செல்லுங்கள். வனத்துறையின் இசைவு பெறுங்கள், பறிக்காதீர், சுவைக்காதீர். நாள், இடம், நிறம், முளைத்த மரம் ஆகியவற்றைக் குறியுங்கள், படம் எடுங்கள். தாவரவியல் மாணவர் இனம் காணட்டும்; இலக்கிய மாணவர் பெயர் சூட்டட்டும். குறிஞ்சி மலரப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். இதற்கோ ஒரு மழை போதும்!