ஒழுகும் சொர்க்கம்

மகனை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கும் நண்பர் ஒருவர் பூரிப்போடு போட்டோ காட்டினார். மினி பஸ் மாதிரி ஒரு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம். ‘‘மோட்டார் ஹோம் சார். 94-ம் வருஷ மாடல். எட்டாயிரம் டாலர்தான். புதுசுன்னா லட்சத்தைத் தாண்டுமாம். கொஞ்சம் வேலை இருக்கு, வீடியோ பார்த்து அவனே பண்ணிடுவானாம்!’’

அந்தக் ‘கொஞ்சம் வேலை’யைப் பற்றித்தான் இந்த வாரம் கோபப்படப் போகிறேன்.

அமெரிக்காவில் இது பழைய கதை. அயோவா மாநிலத்து வின்னபேகோ கம்பெனி 1966-லேயே மோட்டார் ஹோம் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் கொல்லைப்புறங்களில் நிற்கும் பழைய வண்டிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ‘சின்னச் சின்ன ரிப்பேர், நல்ல ப்ராஜெக்ட்’ என்று விளம்பரம் வரும். ‘ப்ராஜெக்ட்’ என்றால் ‘என்னால் முடியவில்லை, நீ அனுபவி’ என்று அர்த்தம்.

காரைப் போல இதுவும் முழுக்கத் தகரம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான பழைய மோட்டார் ஹோம்களின் சுவர் ஒரு சாண்ட்விச். வெளியே மெல்லிய அலுமினியம் அல்லது ஃபைபர் கிளாஸ், நடுவே மரச்சட்டமும் தெர்மோகோலும், உள்ளே ப்ளைவுட். இந்தப் பெட்டியை ஒரு வேன் சேஸிஸ் மேல் உட்காரவைத்து நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள். வீடு குலுங்கக் கூடாது. வண்டியோ குலுங்காமல் ஓடாது. குலுங்கக் குலுங்க, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் பூசிய பசை விரிசல் விடும். அவ்வப்போது மேலே ஏறிப் பார்த்து அடைக்க வேண்டும். பத்து வருஷம் கொல்லையில் கிடந்த வண்டியின் மேல் எவர் ஏறினார்?

உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே தெரியாது. மரம் ஊறி, பூஞ்சை பிடித்து, வேகவைத்த சேப்பங்கிழங்காகிவிடும். டிரைவர் தலைக்கு மேல் கட்டில் துருத்திக்கொண்டிருக்கும் மாடல்களில் அந்த முன் மூலைதான் வழக்கமாக முதல் பலி. விற்கிறவருக்கு இது தெரியும். அழகாக வெள்ளை பெயின்ட் அடித்து, ஒரு மணிபிளான்ட் தொட்டியையும் வைத்துவிடுவார். வீடியோக்காரர்களும் கூரை மேல் ஏற மாட்டார்கள். மெத்தை விரிப்பைத்தான் காட்டுவார்கள்.

சரி, மரத்தை மாற்றிவிட்டீர்கள். அடுத்து டயர். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு மொத்தம் ஆறு. பட்டன் தேயாமல் பளிச்சென்று இருக்கும். ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2312 என்றால், 2012-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்த டயர். ஓடாமல் நின்றே கிழடானது. நெடுஞ்சாலையில் வெடித்தால் போவது டயர் மட்டுமில்லை.

அடுத்தது, கேஸ். அடுப்பு, ஹீட்டர், சிலதில் ஃப்ரிட்ஜ்கூட கேஸில் ஓடும். முப்பது வருஷத்து குழாய், இணைப்பு. எரியாத கேஸ் கசிந்தாலாவது மூக்குக்குத் தெரியும். ஹீட்டரும் ஜெனரேட்டரும் கக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. எச்சரிக்கை அலாரத்துக்கும் ஆயுள் சில வருஷம்தான். அந்தப் பெட்டிக்குள் ராத்திரி உங்கள் பேரக்குழந்தை தூங்கப் போகிறது. இதுவா ‘சின்ன ரிப்பேர்’?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்காகவே சொன்னது. இத்தனை செலவழித்து முடித்தபின், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை உள்ளே விடாத கேம்ப் மைதானங்கள் அங்கே ஏராளம்.

‘‘என் கையால் செய்கிறேன், கூலி மிச்சம்’’ என்பார்கள். உங்கள் சனி, ஞாயிறுக்கு விலையில்லையா? ‘நோமேட்லாண்ட்’ படத்தைப் பார்த்து (2021-ல் ஆஸ்கர் வாங்கியது) பலர் வேன் வாழ்க்கைக்கு ஏங்கினார்கள். அதில் வேன் ரிப்பேருக்குக் காசில்லாமல் கதாநாயகி சகோதரி வீட்டு வாசலில் போய் நிற்பாளே, அந்தக் காட்சி மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை.

சிரிக்காதீர்கள், இந்த ஆசை இங்கேயும் வந்தாச்சு. பழைய வேனை வாங்கி வீடாக்குகிறார்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவானதற்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ.விடம் கேட்காமல் ரம்பத்தை எடுத்தால், விபத்து நாளில் இன்ஷூரன்ஸ்காரர் உங்கள் கட்டிலைத்தான் முதலில் பார்ப்பார்.

வாங்கவே கூடாது என்கிறேனா? இல்லை. ரிப்பேரே உங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள்; வீணை கற்றுக்கொள்வது மாதிரி அது ஒரு சுகம். சிக்கனம் என்று மட்டும் வீட்டில் பொய் சொல்லாதீர்கள். ஊர் சுற்றுவதுதான் ஆசை என்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது இரட்டை விலை கொடுத்தாவது ஒழுகாத வண்டியாக வாங்குங்கள்.

நண்பரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: ‘‘பணம் கொடுக்கும் முன் பையனை ஓர் ஏணியும், ஈரப்பதம் பார்க்கும் மீட்டரும் வாங்கச் சொல்லுங்கள். அடைமழைக்கு மறுநாள் போய்ப் பார்க்கட்டும்.’’

மழை நாளில் வண்டியைக் காட்ட மறுக்கிறவரிடம் வெயில் நாளிலும் வாங்காதீர்கள்.